நூறு கூடை வண்டல்

கரட்டு அடிவாரத்தில் வெள்ளைமூக்கி என்றொரு தாய்முயல் இருந்தது. அதற்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. உட்கார்ந்தால் எழும், எழுந்தால் ஓடும்.

அதன் வளைக்கு முன்னால் வெறும் பாறை. புல் வேண்டுமானால் நரிப்புதரைத் தாண்டிப் போக வேண்டும். வளைக்குள் நான்கு குட்டிகள். இன்னும் ஒரு மாதத்தில் பால் மறந்து புல் கேட்கும். "என் பிள்ளைகள் அந்த நரி வாசலை மிதிக்கவே கூடாது" என்று முயலுக்கு ஒரே பதைபதைப்பு. தின்ற கிழங்குகூட உடம்பில் ஒட்டவில்லை.

அருகிலிருந்த குளம் வற்றிக் கிடந்தது. அடியில் நல்ல கறுப்பு வண்டல். அதை அள்ளிப் பாறைமேல் போட்டு அருகம்புல் நட்டால் வாசலிலேயே தீனி. ஆனால் மழை வந்து குளம் நிரம்பினால் பிடி மண்கூடக் கிடைக்காது.

மண் சுமந்து உதவ மொட்டைவாலன் என்ற காட்டுப்பன்றி கொடிக்கூடையோடு வந்தது. "எத்தனை கூடை வேணும் தங்கச்சி?"

முயல் பாறையைத் தாவித் தாவி அளந்தது. நீளம் பன்னிரண்டு தாவல், அகலம் எட்டு. ஒரு கூடையைக் கொட்டிப் பரப்பினால் ஒரு தாவல் சதுரம் மூடியது.

"தொண்ணூத்தாறு. சிந்துறதுக்கும் சேர்த்து நூறு போதும் அண்ணே!"

பொழுது சாய்வதற்குள் நூறு கூடையும் வந்துவிட்டது. பாறை முழுக்கக் கறுகறுவென்று ஆனது. முயலுக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசிக் கூடையோடு வந்த மண்புழு ஒன்று மெல்ல வாலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தது. பாதி உடம்புகூட இறங்கவில்லை.

"முயலம்மா, நீளம் பார்த்தே, அகலம் பார்த்தே. ஆழம் பார்த்தியா? ஒரு விரல்தான் இருக்கு. அருகு வேர் பிடிக்க நாலு விரல் வேணும். இது உதிரி மண், மழை விழுந்தா அமுங்கும். அதுக்கு ஒரு விரல் கூட்டிக்கோ. ஆக, ஐந்நூறு கூடை."

"ஐந்நூறா?" முயலின் காது விறைத்துக்கொண்டது.

"அதுக்கென்ன, இன்னும் நாலு நாள் சுமந்துட்டுப் போறேன்" என்றது பன்றி. "மழைக்கு ஒரு வாரம் இருக்கு."

"நாலு நாள் கையைக் கட்டிக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா? இன்னைக்கே நட்டாத்தான் எனக்கு உசிரு வரும்!"

"அப்படின்னா இருக்கிற மண்ணை ஒரு மூலையில கூட்டு" என்றது மண்புழு. "நாலு தாவலுக்கு அஞ்சு தாவல். சின்னப் பாத்திதான், ஆனா பிழைக்கும். அகல உழுவதை ஆழ உழுன்னு சும்மாவா சொன்னாங்க?"

"நாலு வாய்க்கு அது எந்த மூலைக்கு? நரிக்குப் பயந்து நீ குட்டி வளர்த்திருந்தா இப்படிப் பேசமாட்டே. போதும், நீங்க போங்க அண்ணே."

"பதறாத காரியம் சிதறாது தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் பன்றி கூடையைத் தூக்கிக்கொண்டு போனது. அட, கேட்கிற காதா அது? அன்றைக்கே முயல் அருகங்கொடியை நட்டு முடித்தது.

எட்டாம் நாள் மழை கொட்டியது. குளம் தளும்பியது. பாறைமேல் பச்சைப் பசேலென்று புல் துளிர்த்தது. குட்டிகளைக் கூட்டி வந்து காட்டிப் பூரித்துப் போனது முயல்.

பிறகு வெயில் ஏறியது. ஓரத்து மண் மழையோடு ஓடியிருந்தது. மிச்சம் அமுங்கி அரை விரலானது. வேர் பாறையைத் தொட்டது, பாறை கொதித்தது. ஐந்தே நாளில் புல் பொரிந்து போனது.

முயல் குளத்துக்கு ஓடியது. கரை வரை தண்ணீர். திரும்பி ஓடிவந்து இருந்த மண்ணைக் காலால் சுரண்டிக் கூட்டியது. ஒரு குட்டி படுக்கக்கூடக் காணாது.

நாள் ஓடியது, பால் வற்றியது. குட்டிகள் பசியில் கத்தின. வேறு வழியில்லை.

"சத்தம் போடாம என் பின்னாலேயே வாங்க கண்ணுகளா" என்று சொல்லி, முயல் அவற்றை நரிப்புதர் வழியே கூட்டிப்போனது.

நான்கு குட்டிகள் போயின. மூன்று திரும்பின.

அவசரத்தில் அகலத்தை மட்டும் அளந்து ஆழத்தை அளக்காமல் விடுகிறவர், எதைக் காக்கப் புறப்பட்டாரோ அதையே இழப்பார்.