சங்கத் தலைவர் ஏறிய கம்பம்

வடதோப்பூரில் பொய் சொல்லத் தெரியாத ஆள் ஒரே ஒருத்திதான். அவள் பெயர் தில்லைநாயகி. கல்யாண வீட்டில் சாம்பார் எப்படி என்று கேட்டால் உப்புக் கரிக்கிறது என்பாள். பெண் எப்படி என்று கேட்டால் பவுடர் கூடிப்போச்சு என்பாள். ஊரில் அவளுக்குப் பத்திரிகை வைப்பதே குறைந்துபோய்விட்டது. அப்பேர்ப்பட்டவளுக்கு, மூச்சு விடுகிற மாதிரி புளுகுகிற ஒரு மனுஷன் சங்கத் தலைவராக வந்து வாய்த்தார். அவர் பெயர் சடையப்பன். கரண்ட் ஆபீசில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

அவரைத் தலைவராகப் போட்டது அவள் ஆசைப்பட்டு இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் பேரூராட்சிக் கூடத்தில் நாயகி நான்கு வருஷமாகக் கம்பப் பயிற்சி நடத்துகிறாள். மூன்று இரும்புக் கம்பம், உத்தரத்துக் கொக்கியில் தொங்கும் இரண்டு பட்டுத் துணி, பத்தொன்பது பெண்கள். கம்பத்தில் தலைகீழாக நிற்பார்கள், துணியில் சுற்றிக்கொண்டு அந்தரத்தில் கால் விரிப்பார்கள். எல்லாம் சரிதான், ஆனால் அது விளையாட்டு என்று சர்க்கார் பட்டியலில் இல்லை. பட்டியலில் இருக்கும் விளையாட்டுக்குத்தான் கூடம் என்று பேரூராட்சி சொல்லிவிட்டது. அங்கீகாரக் கடிதம் வராவிட்டால் திங்கட்கிழமை கம்பத்தைப் பிடுங்கிவிட்டுக் கூடத்தைக் கேரம் சங்கத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். அங்கீகாரம் வேண்டுமானால் கம்பம் ஏறுவதில் பத்து வருஷ அனுபவம் உள்ள ஒருவர் பயிற்சிச் சங்கத்துக்குத் தலைவராக இருக்கவேண்டும் என்பது விதி. வடதோப்பூரில் பத்து வருஷம் கம்பம் ஏறினவன் என்றால் கரண்ட் ஆபீஸ்காரன்தானே.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மாவட்டத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். கனகசபாபதி என்று பெயர். சிரிப்பு என்பதை எங்கோ தொலைத்துவிட்டுத் தேடாமலே விட்டுவிட்ட முகம். வாசலில் இருந்த பிஸ்கட் டின்னில் போனைப் போடச் சொன்னாள் நாயகி. உள்ளே பெண்கள் பயிற்சி செய்கிற இடம், யாரும் படம் எடுக்கக் கூடாது என்பது அவள் சட்டம். அதற்காகத்தான் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்திருந்தாள். ஆய்வாளர் மறுபேச்சில்லாமல் போட்டார். பின்னாலேயே வந்த கேரம் சங்கச் செயலாளர் பிச்சாண்டி முனகிக்கொண்டே போட்டார்.

பெண்கள் ஏறிக் காட்டினார்கள். இசைவாணி என்கிற பெண் ஒற்றை முழங்கால் மடிப்பில் தொங்கிக்கொண்டு இரண்டு கையையும் விரித்தாள்.

"இதுல யாரு ஜெயிச்சாங்கன்னு எப்படித் தெரியும்?" என்றார் கனகசபாபதி.

"ஒவ்வொரு பிடிக்கும் ரெண்டு செகண்டு அசையாம நிக்கணும் சார். கால் வளைஞ்சா மார்க் குறையும்" என்றாள் நாயகி.

"இந்தப் பொண்ணு கால் வளைஞ்சிதா?"

"கொஞ்சம் வளைஞ்சிது சார்" என்றாள் நாயகி. வாய் அப்படி.

"சர்க்கஸ் சார் இது. கூடாரம் போட வேண்டியதுதான் பாக்கி" என்றார் பிச்சாண்டி.

ஆய்வாளர் பாரத்தைப் புரட்டினார். "தலைவர் அனுபவம்னு ஒரு கட்டம் இருக்கு. யார் தலைவர்?"

தோளில் சிவப்புத் துண்டைச் சரி செய்துகொண்டு சடையப்பன் எழுந்தார். நாயகி அவரைக் கண்ணால் எச்சரித்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கண்ணே என்று முந்தின நாள் மூன்று தடவை சொல்லியிருந்தாள்.

"எத்தனை கம்பம் ஏறியிருக்கீங்க?"

"ஏறுன கம்பத்த எண்ணி மாளாது சார். ஏறாத கம்பத்த வேணா எண்ணிக்கிடலாம். இந்த மாவட்டத்துல மொத்தம் ரெண்டு. ஒண்ணு நான் ரிட்டயர் ஆன மறுநாள் நட்டது."

"இன்னொண்ணு?"

"கோயில் கொடிமரம். நான் ரெடி. ஐயர் விடல."

ஆய்வாளர் 'இரண்டு நீங்கலாக' என்று எழுதிக்கொண்டார். "அதிகபட்சமா எவ்வளவு நேரம் கம்பத்துல இருந்திருக்கீங்க?"

"பதினோரு நாள்."

"தொடர்ச்சியாவா, இடைவேளை விட்டா?"

"தொடர்ச்சியா. பெரிய புயல் அடிச்ச வருஷம். காத்து எம் முதுகுல மோதி ரெண்டாப் பிரிஞ்சு போச்சு. எனக்குப் பின்னாடி இருந்த தெருவுல ஒரு ஓடு கூட நகரல. மூணாம் நாளே இறங்கியிருப்பேன். அதுக்குள்ள ஒரு காக்கா எந் தலையில கூடு கட்டி முட்டை வச்சிருச்சு. பாவம் இல்லையா? குஞ்சு பொரிச்சுப் பறக்குற மட்டும் இருந்துட்டுத்தான் இறங்கினேன்."

"எட்டே நாள்ல குஞ்சு பறந்துருச்சாக்கும்?" என்றார் பிச்சாண்டி.

"எந் தலைச் சூடு அப்படி" என்றார் சடையப்பன். "ஆபீஸ்ல கூட அதைச் சாதா லீவா எடுத்துக்கல சார். தகப்பன் விடுப்புல சேத்துட்டாங்க."

நாயகி சுவரோரம் நகர்ந்து நின்றுகொண்டாள். திங்கட்கிழமை கம்பத்தைப் பிடுங்குகிற சத்தம் அவள் காதில் இப்போதே கேட்டது. நான்கு வருஷம் கையெல்லாம் காய்ப்புக் காய்த்து வளர்த்த ஒன்றை இந்த மனுஷன் அரை மணி நேரத்தில் ஊதித் தள்ளிவிடுவார் என்று இருந்தது. அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

"துணிப் பயிற்சியில அனுபவம் உண்டா?"

"உண்டு சார். மலையடிவாரத்துல பெரிய டவர். மேல போறப்ப வேட்டி மாட்டிக்கிச்சு. அப்படியே அந்தரத்துல தொங்குறேன். காத்து சுத்தி விட்டுச்சு பாருங்க, நானூறு சுத்து. சும்மா சுத்தலை சார். அடிவாரத்துல மூணு தெருவுக்கு என்னாலதான் அன்னிக்கு விளக்கு எரிஞ்சுது. நான் களைச்சுப்போய் மெதுவாச் சுத்துனா ஜனங்க 'வோல்டேஜ் கம்மி'ன்னு கத்துறாங்க. நன்றி கெட்ட ஊரு."

"காயம் ஏதாவது? விழுந்திருக்கீங்களா?"

"ஒரே தடவை. விழுந்துக்கிட்டு இருக்கேன், மணி ஒண்ணு அடிச்சுது. சாப்பாட்டு நேரம். பாதியில நின்னு சாப்பிட்டுட்டு மிச்சத்தை விழுந்தேன்."

"எத்தனையாவது அடியில நின்னீங்க?"

"பதினெட்டு."

எழுதிக்கொண்டார். பிச்சாண்டிக்குத் தாங்கவில்லை. "சார், இதையெல்லாமா எழுதுறீங்க?"

"கட்டத்தை நிரப்பணும்" என்றார் ஆய்வாளர். "ஏறுன அதிகபட்ச உயரம்?"

சடையப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதை நான் வெளிய சொல்றதில்ல சார். தற்பெருமையாப் போயிரும். சந்தைப்பேட்டை முக்குல முப்பதடிக் கம்பம். ஏதோ குடும்ப யோசனையில ஏறிக்கிட்டே இருந்தேன். கம்பம் முடிஞ்சுபோச்சு. நான் கவனிக்கல."

ஆய்வாளர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"கவனிக்காம மேல போய்க்கிட்டே இருக்கேன். ஒரு இருபதடி போயிருப்பேன். கீழேருந்து ஒருத்தன், 'அண்ணே, கம்பம் முடிஞ்சிருச்சு'ன்னு கத்துனான். அப்புறம்தான் குனிஞ்சு பாத்தேன். அவன் மட்டும் சொல்லலைன்னா இன்னும் போயிருப்பேன்."

"முப்பதும் இருபதும் அம்பது" என்று ஆய்வாளர் எழுதி அடிக்கோடு போட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விதி ஒன்பது. தலைவர் நேர்ல ஏறிக் காட்டணும். அந்த நடுக் கம்பத்துல ஏறுங்க. பத்தடிதான்."

சடையப்பன் முகம் வெளுத்துப்போனதை நாயகி பார்த்தாள். பிச்சாண்டியும் பார்த்துவிட்டார். "மேல போனதுக்கு அடையாளமா அந்தச் சிவப்புத் துண்டைக் கட்டிட்டு வரச் சொல்லுங்க சார்" என்றார் இனிப்பாக.

"ஏறலாம்" என்றார் சடையப்பன். "ஆனா லைன் கிளியர் வாங்காம நான் எந்தக் கம்பத்தையும் தொடமாட்டேன். கரண்டை நிறுத்தியாச்சுன்னு சப்ஸ்டேஷன்ல சொல்லணும். முப்பத்தாறு வருஷப் பழக்கம்."

"இதுல ஏதுய்யா கரண்டு? இது வெறும் குழாய்!" என்றார் பிச்சாண்டி.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. அப்புறம் மாலைதான் போடணும்."

பாதுகாப்பு விதி என்றால் ஆய்வாளருக்கு மரியாதை உண்டு. அனுமதித்தார். சடையப்பன் டின்னிலிருந்து தன் பட்டன் போனை எடுத்து, "அலோ, சடையப்பன் பேசறேன். தண்ணித் தொட்டிக் கூடத்துக் கம்பம். லைன் கிளியர் குடு" என்றார்.

அந்தப் பக்கம் இருந்தவன் இந்தக் குரலைக் கேட்டதும் சுவிட்சை இறக்கியே பழகினவன். இவர் ஓய்வு பெற்றது அவன் மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. பட்டென்று மின்விசிறி நின்றது, விளக்கு அணைந்தது. ஜன்னலில் கறுப்புத் துணி, கதவும் சாத்தியிருந்தது, பட்டப்பகலில் கூடம் கும்மிருட்டானது. மற்றவர்கள் போனெல்லாம் டின்னில், டின் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

நாயகி தடவித் தடவி நடுக் கம்பத்துக்கு வந்தாள். சடையப்பன் அதைக் கட்டிக்கொண்டு தரையில்தான் நின்றிருந்தார். உடம்பு நடுங்கியது.

"ஏறுங்கண்ணே" என்று கிசுகிசுத்தாள்.

"குடுக்க மாட்டான்னு நெனச்சேன் தங்கச்சி" என்றார் அவர் அதைவிட மெல்ல. "எனக்கு உசரம்னாலே தலை சுத்தும். நான் ஒரு நாளும் ஏறுனது இல்ல. கீழ நின்னு ஏணி பிடிச்சவன். லைன் கிளியர் கேக்குறவனும் கீழ நிக்கிறவன்தான்."

"முப்பத்தாறு வருஷமுமா?"

"முப்பத்தாறு வருஷமும். சாயங்காலம் வீட்டுக்குப் போனா, இன்னிக்கு எவ்வளவு உசரம்ப்பான்னு புள்ளைங்க கேக்கும். ஏணி பிடிச்சேன்னு எப்படிம்மா சொல்றது?"

நாயகிக்கு அவரை அறையவும் தோன்றியது, தலையைத் தடவிக் கொடுக்கவும் தோன்றியது. இரண்டுக்கும் நேரமில்லை. அவர் தோளிலிருந்து துண்டை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள். கம்பத்தில் கை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஏறுகிற கம்பம்தான், இருட்டு அவளுக்கு ஒரு பொருட்டில்லை.

அடியில் சடையப்பன் கம்பத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். நடுக்கம் நின்றுவிட்டது. அவள் எம்பினபோதும் கம்பம் மயிரிழை அசையவில்லை. இந்த ஒரு வேலையை அந்த மனுஷன் உண்மையாகவே கற்று வைத்திருந்தார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"சத்தம் கேக்குது. ஏறுறான் போலிருக்கே" என்றது இருட்டில் பிச்சாண்டியின் குரல்.

உச்சிக்கு வந்துவிட்டாள். அங்கேயே துண்டைக் கட்டிவிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பொய்க்குக் கை நனைத்தாகிவிட்டது, அப்புறம் அதில் என்ன கஞ்சத்தனம் என்று தோன்றியது. கம்பத்தைக் காலால் கவ்விக்கொண்டு மேலே எட்டி, உத்தரத்துக் கொக்கியைத் தேடிப் பிடித்துத் துண்டை அதில் முடிந்தாள். சறுக்கி இறங்கி, அவர் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

"அலோ, வேலை முடிஞ்சுது. ஆள் இறங்கியாச்சு. லைனைப் போட்டுக்க" என்றார் சடையப்பன்.

வெளிச்சம் வந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். முதலில் அதிர்ந்துபோனவர் சடையப்பன்தான். வாய் திறந்தது, ஒரு வார்த்தை வரவில்லை. அவர் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

ஆய்வாளர் அளவு நாடாவை எடுத்து ஸ்டூல் போட்டு ஏறி அளந்தார். இறங்கி மறுபடியும் பாரத்தைப் பார்த்தார்.

"கம்பம் பத்தடி. துண்டு பன்னெண்டு அடியில தொங்குது. எப்படி?"

பிச்சாண்டியின் முகம் பூரித்துப்போனது. "சார், அந்தாளைக் கேக்காதீங்க, வாயைத் திறந்தா புளுகு. இந்தம்மாவைக் கேளுங்க. ஊருக்கே தெரியும், தலையே போனாலும் இதுக்குப் பொய் வராது."

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் ஆய்வாளர்.

பத்தொன்பது பெண்களும் அவளையே பார்த்தார்கள். நாயகி துண்டைப் பார்த்தாள், கம்பத்தைப் பார்த்தாள், சடையப்பனைப் பார்த்தாள்.

"கம்பம் முடிஞ்சுது சார்" என்றாள். "அண்ணன் கவனிக்கல."

கனகசபாபதி அதையும் எழுதிக்கொண்டார். பிறகு பையிலிருந்து முத்திரையை எடுத்து, அதன் மேல் ஒரு தடவை ஊதினார்.

"போட்டி நடக்கறப்ப, கம்பம் முடிஞ்சா கீழேருந்து குரல் குடுக்க ஒரு ஆளை நிறுத்தணும்" என்றார். "இதை விதியில சேத்துக்கங்க." சொல்லிவிட்டுக் குத்தினார்.