ஓணான் ஏன் தலையை ஆட்டியது?

ஒரு காட்டில், தேக்கங்கன்றுகள் அடர்ந்த சரிவில், செம்பி என்றொரு தையல்சிட்டு இருந்தாள். அலகுதான் அவளுக்கு ஊசி. சிலந்தி இழையும் இலவம்பஞ்சும் நூல். இரண்டு இலைகளின் ஓரங்களைச் சேர்த்து, துளையிட்டு, நூலை இழுத்து, நுனியைப் பஞ்சாகப் பிரித்துவிட்டால் தையல் நிற்கும். அப்படித் தைத்த பைக்குள்தான் தையல்சிட்டுகள் முட்டையிடும்.

செம்பிக்கு வயிறு கனத்துவிட்டது. கூடோ பாதியில் நின்றது. ஏன் நின்றது? கேளுங்கள், சொல்கிறேன்.

ஒரு தையல் சாய்ந்துவிட்டது. கடுகளவுதான். அந்த நேரம் பார்த்து, எதிர்க்கிளையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஓணான் தலையை மேலும் கீழும் ஆட்டியது.

"பார்த்தியா? தலையை ஆட்டுறான்!" என்றாள் செம்பி, தன் இணையான நெடுவாலனிடம்.

"ஆட்டினா ஆட்டட்டுமே. உன் தையலைத்தான் சொல்றான்னு யார் சொன்னது?"

"சொல்ல வேற வேணுமா? 'இதெல்லாம் ஒரு தையலா'ன்னு மூஞ்சியிலயே எழுதியிருக்கு."

வரிசை முழுவதையும் பிரித்தாள். பிரித்தால் நூல் திரும்பி வரும். இலையில் போட்ட துளை மூடிக்கொள்ளுமா? மூடாது. பழைய துளைக்குப் பக்கத்தில் புதிய துளை போட்டுத் தைத்தாள். ஓணான் ஆட்டியது. பிரித்தாள். மறுபடி தைத்தாள். ஓணான் மறுபடி ஆட்டியது.

அந்த ஓணான் என்றைக்காவது ஓர் இலையைத் தைத்ததுண்டா? அதற்கு ஊசியும் தெரியாது, நூலும் தெரியாது. ஆனாலும் செம்பியின் கண் அதன் தலையை விட்டு அகலவில்லை. இது என்ன நியாயம்?

மேல்கிளையில் நாலு குச்சியைக் குறுக்கே போட்டு, அதில் குஞ்சுகளோடு உட்கார்ந்திருந்த புள்ளிப்புறா எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டி செம்பி, கூடு கட்டுறியா, இலைக்குக் காது குத்துறியா?"

"உங்க கூட்டைப் பத்தி நான் ஏதாவது சொன்னேனா அக்கா? கீழேயிருந்து பார்த்தா ஆகாசம் தெரியுது!"

"தெரியட்டுமே. பிள்ளைங்க விழலையே."

"எனக்கு ஏனோதானோன்னு செய்ய வராது."

"சரிதான். உன் முட்டைகிட்டயும் அதைச் சொல்லிவை. காத்திருக்குதான்னு பார்ப்போம்."

மறுநாள் காலை ஒரு வரிசை அமைந்தது. ஒரு தையல்கூடப் பிசகவில்லை.

"போதும்மா, உள்ளே போ," என்று கெஞ்சினான் நெடுவாலன்.

செம்பி போகவில்லை. திரும்பி ஓணானைப் பார்த்தாள். அது ஆட்டியது. கடைசித் தையலை உருவினாள்.

அதற்கு மேல் முட்டை பொறுக்கவில்லை. பதறிப்போய் பைக்குள் பாய்ந்து முட்டையிட்டாள். இளநீல ஓட்டில் செம்புள்ளி தெளித்த முட்டை. அதன் பாரம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் சல்லடையாகிப்போன இலைக்கு அதுவே அதிகம். துளைக்குத் துளை தாவி இலை கிழிந்தது. முட்டை கீழே பாறையில் விழுந்து உடைந்தது.

கிழிசல் மட்டும் துளிகூடக் கோணவில்லை. செம்பி ஆசைப்பட்டாளே, அதே நேர்கோடு.

அவள் பறந்துபோய் ஓணானின் முன்னால் நின்றாள். "இப்பவாவது வாயைத் திறந்து சொல்லு. என் தையல்ல என்ன குறை?"

ஓணான் விழித்தது. "எந்தத் தையல்?"

"பார்த்துப் பார்த்துத் தலையை ஆட்டினியே!"

"அட, அதுவா? வெயில் ஏறினா என் தலை தானா ஆடும். எங்கப்பனுக்கும் அப்படித்தான். ஆமா, நீ அங்கே என்ன பண்ணிட்டிருந்தே?"

கேட்டுவிட்டு மறுபடியும் ஆட்டியது.

செம்பி திரும்பிப் பறந்து வந்தாள். நெடுவாலன் கீழே பாறையைப் பார்த்தபடி இருந்தான்.

அடுத்த முட்டை விடிந்தால் வந்துவிடும். பக்கத்தில் இருந்தது புழு அரித்த ஓர் இலைதான். அதையே வளைத்துத் தைத்தாள். முதல் தையல் சாய்ந்தது. அடுத்தது அதைவிடச் சாய்ந்தது. எதிரே ஓணான் ஆட்டிக்கொண்டே இருந்தது. அவள் நிமிரவும் இல்லை, பிரிக்கவும் இல்லை.

அந்தக் கோணல் கூட்டில் முட்டை தங்கியது. செம்பி அதன்மேல் இறக்கையைத் தாழ்த்தி உட்கார்ந்தாள். கீழே பாறையில், உடைந்த முட்டையின் ஓட்டை எறும்புகள் இழுத்துப் போய்க்கொண்டிருந்தன. கோணல் தையலின் இடுக்கு வழியே அது நன்றாகத் தெரிந்தது.

நீதி: கோணலாகவேனும் முடித்தது தாங்கும், குறை தீரட்டும் என்று பிரித்துக்கொண்டே இருந்தது தாங்காது.