கத்தரி வேரில் விழுந்த முடிச்சு

அந்தக் காலத்தில் செடிக்கும் புழுவுக்கும்கூட வாய் இருந்தது. கேட்டால் பதில் சொல்லும். ஆனால் கேட்கத்தான் ஆள் இல்லை. ஆற்றோரத்து ஊரொன்றில் சடைச்சி என்ற ஒருத்தி மட்டும் எதைக் கண்டாலும் நின்று விசாரிப்பாள்.

ஒரு வருஷம் ஊர் முழுக்கக் கத்தரி நாற்று உச்சிவெயிலில் துவண்டு விழுந்தது. தண்ணீர் விட்டும் நிமிரவில்லை. மண் கோபித்துக்கொண்டது என்று சொல்லிக் குடும்பம் குடும்பமாக ஊரை விட்டுக் கிளம்பினார்கள். சடைச்சியின் புருஷன் காத்தானும் மூட்டை கட்டிவிட்டான். மிச்சமிருந்த விதையும் அதற்குள்தான் இருந்தது.

"வா புள்ள, பொழுதோட போயிருவோம்."

"இரு மாமா, என்னன்னு பார்த்துட்டு வரேன்."

ஒரு நாற்றைப் பிடுங்கினாள். வேரெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது.

"இதை யாரு போட்டது?" என்று நாற்றிடம் கேட்டாள்.

"இது முடிச்சு இல்லம்மா, வீடு. கண்ணுக்குத் தெரியாத நூற்புழு உள்ள குடியிருக்கு. நான் உறிஞ்சுற தண்ணி மேல ஏறவே மாட்டேங்குது."

சடைச்சி வேரைக் காதோடு வைத்துக்கொண்டாள். "ஏய் நூற்புழு, செடி செத்துப்போனா நீ என்ன செய்வ?"

"பக்கத்துச் செடிக்குப் போவேன்."

"உனக்கு யாரைக் கண்டா பயம்?"

உள்ளே புழு சுருண்டுகொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. அப்படியென்றால் அதற்கும் பயம் உண்டு என்று அவளுக்குப் பட்டது. சுற்றுமுற்றும் பார்த்தாள். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் குப்பைமேட்டில் தானாக முளைத்த ஒரு கத்தரி மட்டும் அந்த வெயிலிலும் நிமிர்ந்து நின்றது. ஓடிப்போய் அடியைத் தோண்டினாள். வேர் வெள்ளைவெளேரென்று இருந்தது. அதைச் சுற்றி மெல்லிய பூஞ்சணம் படர்ந்திருந்தது.

"அந்த நூற்புழுப் பய இங்க வரமாட்டான்" என்றது பூஞ்சணம். "வந்தா பிடிக்கிறதுக்குக் கண்ணி வச்சிருக்கோம்."

"என் நாற்றங்காலுக்கு வர்றீங்களா?"

"எங்க வீட்டோட தூக்கிட்டுப் போனா வரோம். மேல சூடா கிடக்கறதைத் தொடாத, நாத்து வெந்துபோகும். அடியில மக்கி, கறுத்து, பொலபொலன்னு இருக்கறதை அள்ளு."

கூடை கூடையாக அள்ளிப் புதுப் பாத்தியில் கலந்தாள். பிறகு காத்தான் கட்டிய மூட்டையை அவிழ்த்து, இருந்த விதை மொத்தத்தையும் தூவிவிட்டாள்.

"அடிப்பாவி! இனி போற ஊருல எதை விதைக்க?" என்று கத்தினான் காத்தான்.

"போகலையே மாமா."

அவன் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. ஆனாலும் தினமும் விடிந்ததும் பாத்தியை அவள் பார்ப்பதற்கு முன்னால் அவன் பார்த்துவிடுவான். ஒருநாள் உச்சிவெயிலில், விரலளவு வளர்ந்திருந்த நாற்றுகள் துவளாமல் நின்றன. ஒன்றைப் பிடுங்கி அவளிடம் நீட்டினான். எங்கோ ஒரு சின்ன முடிச்சைத் தவிர வேர் சுத்தமாக இருந்தது.

"இந்த ஒண்ணு ஏன் புள்ள?" என்று கேட்டான். எதையும் நின்று விசாரித்து அவன் கேட்ட முதல் கேள்வி அது.

போனவர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஊர் திரும்பியது. அன்று முதல்தான் நாற்றங்காலில் விதை விழும் முன்னே மக்கிய குப்பை விழுகிறது. நூற்புழுவும் ஒரேயடியாக அழிந்துவிடாமல், யார் குப்பை போட மறப்பார்கள் என்று மண்ணுக்குள் காத்துக் கிடக்கிறது.