சுரைப்பூ விரியும் நேரம்

திண்டுக்கல்லில் முபீனா என்று ஒருத்தி இருந்தாள். கீழே ரவிக்கை தைப்பாள், மொட்டைமாடியில் தோட்டம் போடுவாள். ஆடியில் அவரையும் பாகலும் ஏறும். கார்த்திகையில் முள்ளங்கி, கொத்தமல்லி. தை வந்தால் செண்டுமல்லி. எந்த மாதம் போனாலும் அந்த மாடி வெறுமையாகக் கிடக்காது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அக்கம்பக்கத்துத் தெருக்களிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து அவளிடம் கற்றுக்கொண்டார்கள்.

அவர்களில் வயதில் மூத்தவர் சவரிநாதன். அவருக்கு அறுபத்து நான்கு, அவளுக்கு முப்பத்தாறு. இருந்தாலும் தன்னை அவளுடைய சீடன் என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். அதில் விளையாட்டு கிடையாது.

மருந்துக்கடையில் முப்பத்தேழு வருடம் மருந்து அளந்து கொடுத்த கை அவருடையது. செடிக்கும் அளந்துதான் ஊற்றுவார். விதை போட்ட தேதி, கொடியின் நீளம், ஊற்றிய தண்ணீர், போட்ட பிண்ணாக்கு எல்லாவற்றுக்கும் நோட்டில் தனித்தனிக் கட்டம் உண்டு.

ஒரு புரட்டாசி மாதம் அவர் முபீனாவிடம் வந்து ஒரு மருந்து கேட்டார். சுரைக்கொடியில் பிஞ்சு நிற்கவில்லை.

கேட்டது சாதாரணக் கேள்விதான், ஆனால் கேட்ட குரல் அப்படி இல்லை. முபீனா தையல் மெஷினை நிறுத்திவிட்டு விவரம் கேட்டாள். அவர் சொன்னார். அவர் மனைவி ஜெபமாலையின் அக்கா மதலேன் இறந்தபோது, அவள் பெட்டியில் ஒரு கைக்குட்டை முடிச்சில் ஏழு சுரை விதைகள் இருந்தன. அக்கா தங்கை பிறந்த வீட்டில் வழிவழியாக வந்த சுரை, கழுத்து நீண்டு வளையும். வேறு எங்கும் அவர் பார்த்ததில்லை. போன வருடம் மூன்று விதை போட்டார். எல்லாம் பூத்தன, ஒன்றும் காய்க்கவில்லை. இந்த ஆடியில் மிச்சம் நான்கையும் போட்டதில் முளைத்தது ஒன்றே ஒன்று. அதிலும் பிஞ்சு பிஞ்சாகப் பழுத்து உதிர்கிறது. ஜெபமாலை ஆரம்பத்தில் தினமும் மாடிக்கு வந்து பார்ப்பாள். இப்போது வருவதில்லை, கேட்பதும் இல்லை.

முபீனா அன்றே அவர் வீட்டு மாடிக்கு வந்தாள். கொடியைச் சுற்றி நடந்தாள். இலையைத் திருப்பிப் பார்த்தாள், பந்தலை அண்ணாந்து பார்த்தாள், மாடி முழுக்க ஒரு தடவை கண்ணை ஓட்டினாள். சவரிநாதன் நோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார். பூக்கள் காலையில் பார்த்தாலே துவண்டு கிடக்கின்றன, ஏதோ பூசண நோய் என்று நினைத்து மூன்று வகை மருந்து அடித்தாகிவிட்டது என்றார்.

அவள் துவண்டிருந்த ஒரு பூவைத் தொட்டாள்.

"இது எப்ப விரிஞ்சுச்சு சார்?"

அவர் நோட்டைப் புரட்டினார். அதற்குக் கட்டம் இல்லை.

"அது தெரிஞ்சதும் வாங்க. அதுவரைக்கும் தண்ணியைத் தவிர எதுவும் ஊத்தாதீங்க."

அவ்வளவுதான். இறங்கிப் போய்விட்டாள்.

சவரிநாதனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. மருந்து கேட்டால் கேள்வி கொடுக்கிறாளே என்று இருந்தது. ஆனால் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. இரண்டு வருடமாக இந்தச் செடியை வளர்க்கிறார், ஒரு பூ விரிந்து பார்த்ததில்லை. மறுநாள் ஐந்தரை மணிக்கே மாடி ஏறினார். பூக்கள் ஏற்கெனவே துவண்டிருந்தன. மத்தியானம் கொளுத்தும் வெயிலில் போய்ப் பார்த்தார். மொட்டுகள் மூடியிருந்தன. மூன்று மணிக்கும் மூடித்தான் இருந்தன. இதற்கிடையில் இன்னும் இரண்டு பிஞ்சு உதிர்ந்தது.

நாலாம் நாள் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனவர், இறங்கவே இல்லை. அஞ்சு மணிக் காபியைக் கொடுக்க ஜெபமாலை படியேறி வர வேண்டியதாயிற்று. மூட்டு வலியோடு ஏறியவள், மூச்சு வாங்க எதற்காக இப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டாள். அவர் சொன்னார். அவளுக்கும் தெரியவில்லை. பிறந்த வீட்டில் சமைத்துத் தின்றிருக்கிறாளே தவிர, அது எப்போது பூக்கும் என்று யோசித்ததில்லை. அவருடைய நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். அவர் மண் மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

வெயில் சாய்ந்தது. எதிர்வீட்டுச் சுவரில் இருந்த வெளிச்சமும் ஏறி மறைந்தது.

"என்னங்க, அது அசையுது" என்றாள் ஜெபமாலை.

கசங்கிய துணி போலச் சுருண்டிருந்த மொட்டு, மடிப்பு மடிப்பாக நெகிழ்ந்தது. ஐந்து இதழ்களும் பிரிந்து வெள்ளை வெளேரென்று நின்றன. பக்கத்தில் இன்னொன்று. கீழே பிஞ்சோடு கூடிய பெண் பூ ஒன்றும் விரிந்தது.

அப்போது மாடி விளக்கு எரிந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டியின் பித்தளைக் குழாயை எவனோ கழற்றிக்கொண்டு போனதற்குப் பிறகு அவர் மாட்டிய பெரிய எல்.இ.டி. விளக்கு அது. டைமர் வைத்திருந்தார். ஆறு மணி ஆனால் தானாக எரியும், விடிந்தால் அணையும். மாடி பட்டப்பகல் மாதிரி ஆயிற்று.

சற்று நேரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு விட்டில் வந்தது. நேராகப் பந்தலை நோக்கி வந்தது. பூவுக்கு ஒரு முழம் இருக்கும்போது திரும்பி விளக்கில் போய் மோதியது. மோதி விழுந்து, எழுந்து, மறுபடி மோதியது. இன்னொன்று வந்தது. அதுவும் அப்படியே.

ஜெபமாலை விளக்கைப் பார்த்தாள். அவர் பூவைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் டைமரைப் பிடுங்கிப் போட்டார்.

இருட்டில் எதுவும் தெரியவில்லை. வெள்ளைப் பூக்கள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. கொஞ்ச நேரம் கழித்துப் பந்தலுக்குள் மெலிதாக ஒரு ரீங்காரம் கேட்டது. அது ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்கு நகர்ந்தது. காபி ஆறிப் போயிருந்தது.

அந்தப் பிஞ்சு உதிரவில்லை. மூன்றாம் நாள் காம்பு பச்சையாகவே இருந்தது. ஐந்தாம் நாள் கழுத்து வளையத் தொடங்கியது. அந்தக் கொடியில் மொத்தம் நாலு காய் நின்றது. மூன்றைச் சமைத்தார்கள். ஒன்றை விதைக்கென்று கொடியிலேயே முற்ற விட்டார்கள்.

தை பிறந்ததும் சவரிநாதன் ஒரு காகிதப் பொட்டலத்தோடு முபீனா வீட்டுக்கு வந்தார். உள்ளே இருபது சுரை விதைகள். பாதி வழிக்கு ஜெபமாலையும் கூட வந்தாள், மூட்டு வலியால் திரும்பிவிட்டாள் என்றார். இப்போதெல்லாம் சாயங்காலம் ஆனால் இரண்டு நாற்காலி மாடிக்குப் போய்விடுகிறதாம். அந்திமந்தாரை சுரைக்கு முந்தி விரிகிறதாம். பீர்க்கையும் சாயங்காலம்தானாம், பாகல் மட்டும் விடிகாலையாம். பாகல் பூவைக் கண்டுபிடித்தது ஜெபமாலை. நோட்டில் இப்போது எழுதுவதும் அவள்தான்.

முபீனா விதைகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். அவருக்கு ஒரு விஷயம் கேட்க வேண்டியிருந்தது. மூன்று மாதமாக மனதில் கிடந்தது.

"முபீனாம்மா, அன்னைக்கு மாடிக்கு வந்தீங்களே. அந்த விளக்கைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அதுதான் காரணம்னு தெரிஞ்சுச்சா?"

"அதாத்தான் இருக்கும்னு தோணுச்சு."

"கடைசிக் கொடிம்மா அது. அத்தனை பிஞ்சும் உதிர்ந்திருந்தா?"

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு சார். இன்னும் ரெண்டு நாள் பாத்திருப்பேன். அப்புறம் நானே வந்து ஆண் பூவைக் கிள்ளி, பெண் பூவுல தடவி விட்டிருப்பேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

முபீனா விதைகளைத் திரும்பப் பொட்டலத்தில் போட்டு மடித்தாள்.

"சொல்லியிருந்தா, நீங்க விளக்கை மட்டும்தான் அணைச்சிருப்பீங்க."