முடிந்துபோன சண்டையும் எல்லப்பன் சத்தியமும்

இதில் ஒரு சொல் பொய் என்றால் என் நாக்கை நண்டு கடிக்கட்டும். கடல்மேல் சத்தியம், உப்பின்மேல் சத்தியம், கேட்கிற உங்கள் தலைமேலும் சத்தியம். அந்தப் படகில் ஆறாவது துடுப்பு என்னுடையது. அப்படியானால் உமக்கு இப்போது வயது என்ன என்று கணக்குப் போடாதீர்கள், கதை நின்றுவிடும்.

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே எங்கள் கரை. வடக்கே பிரெஞ்சுக்காரர், தெற்கே இங்கிலீஷ்காரர். இருவருக்கும் வேண்டியது ஒரே நீலத் துணிதான். ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் கப்பலேறி ஒரு செய்தி வந்தது. எங்கோ குளிர் தேசத்தில் ஒரு ராஜா செத்துப்போனாராம். மகள் பட்டத்துக்கு வரலாமா கூடாதா என்று அங்கே அடிதடியாம். அதில் இங்கிலீஷ்காரர் ஒரு பக்கம், பிரெஞ்சுக்காரர் எதிர்ப்பக்கம். அந்த அம்மாளின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அவளுக்காக எங்கள் தென்னைகளை வெட்டிக் கோட்டைக்கு முட்டுக் கொடுத்தார்கள்.

ஆனாலும் அந்தக் காலத்து அலையை நினைத்தால் இப்போதும் தோள் தினவெடுக்கிறது. எங்கள் படகுக்குச் சலங்கு என்று பெயர். ஆணி கிடையாது, பலகைகளைக் கயிற்றால் தைத்திருக்கும். அலை அடித்தால் உடையாது, மூச்சு விடுகிற மாதிரி நெளிந்து கொடுக்கும். கப்பல்காரர்களின் சொந்தப் படகு அங்கே வந்தால் விறகுதான். அதனால் எவ்வளவு பெரிய துரையானாலும் எங்கள் சலங்கில் உட்கார்ந்து, கரைக்குப் பத்தடி இருக்கும்போது எங்கள் தோளில் ஏறி, காலில் மாட்டிய தோல் சப்பாத்து நனையாமல்தான் வந்து இறங்குவார். அவர்களின் வாசனைத் தைலமும் எங்கள் மீன் வாடையும் கலந்த அந்த மணம் இனி எங்கே கிடைக்கப்போகிறது.

சலங்குக்குத் தலைவன் எல்லப்பன். சண்டை தொடங்கியதும், எங்கள் பக்கத்துச் சின்னக் கோட்டையின் பிரெஞ்சுத் தளபதி அவனிடம் ஒரு சத்தியம் வாங்கினார்: சண்டை முடிகிறவரை, அவன் படகில் வந்த எந்த இங்கிலீஷ்காரனின் காலும் இந்த மண்ணில் படக்கூடாது. பிணையாக அவன் தம்பி சடையனைக் கோட்டைக்குள் வைத்துக்கொண்டார். கால் பட்டால் சடையன் கழுத்துக்குக் கயிறு.

இரண்டு வருஷம் போயிற்று. கோட்டைக்குத் தெற்கே இங்கிலீஷ் பீரங்கிகள் வரிசையாக வந்து நின்றன. மறுநாள் விடிந்தால் குண்டு விழும். உள்ளே சடையன். அன்றைக்கென்று பார்த்து ஓர் இங்கிலீஷ் கப்பல் வெள்ளைக் கொடியோடு வந்து நங்கூரம் போட்டது. பிரெஞ்சுக்காரருக்குப் பேச்சை மொழிபெயர்த்து, கரையையும் காவல் காத்த துபாஷி சவரிமுத்து முதலியார், "போய் என்னவென்று கேட்டு வா. யாரையும் இறக்கிவிடாதே" என்று எங்களை அனுப்பினார். போனோம். ஐந்தாவது துடுப்பு காலி. அது வேம்பனுடையது. முந்தின மாதம் வலை உலர்த்திக்கொண்டிருந்தவன்மேல் குண்டு விழுந்தது.

கப்பலிலிருந்து ஒரு பருத்த துரை கடிதத்தோடு சலங்கில் இறங்கினார். கடிதத்தில் இரண்டு ராஜாக்களின் முத்திரையும் இருந்தது. சீமையில் சமாதானம் ஆகி ஐந்து மாதம் ஆகிவிட்டதாம். தளபதி அதைப் படித்துக் கோட்டைமேல் வெள்ளைக் கொடி ஏற்றினால் தெற்கே பீரங்கிகளும் ஓய்ந்துவிடும். ஆனால் தளபதி கையில் தவிர வேறு யார் கையிலும் தரமாட்டேன் என்றார் துரை.

அலை விளிம்பில் படகை நிறுத்தி எல்லப்பன் குரல் கொடுத்தான். "முதலியாரே, சண்டை முடிஞ்சு அஞ்சு மாசம் ஆவுது. என் சத்தியமும் அன்னிக்கே முடிஞ்சிது. எறக்கறேன்."

"கையெழுத்துப் போட்ட இடத்தில் முடிந்திருக்கும். இங்கே, தளபதி படித்தால்தான் முடியும். கால் பட்டால் கோட்டைக்குத் தெரிய இந்தச் சிவப்புக் கொடியைத் தூக்குவேன். உன் தம்பி தொங்குவான்."

"அப்ப தளபதிய இங்க கூட்டியாரும்."

ஆள் ஓடிப்போய்த் திரும்பினான். "இது ஏமாற்று வேலை, வெளியே வரமாட்டேன். கடிதத்தைக் கண்ணால் பார்த்தால் நம்புகிறேன்" என்றாராம்.

படிக்காமல் சண்டை முடியாது. சண்டை முடியாமல் கால் படக்கூடாது. கால் படாமல் கடிதம் போகாது. கோட்டையோ மூன்று மைல்.

எல்லப்பன் மனைவி பூங்காவனம் மீன்கூடையைக் கரையில் வைத்துவிட்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வந்தாள். "ரெண்டு பேரும் அஞ்சு மாசத்தப் புடிச்சுக்கினு நிக்காதீங்க. யோவ், தெனம் இன்னா வேல செய்யறியோ அதையே செய்யி. நடுவுல மட்டும் நிறுத்தாத" என்றாள்.

கேட்பவரே, நீங்கள் சொல்லுங்கள். சத்தியமும் உடையாமல், சடையனும் சாகாமல், கடிதம் எப்படிப் போயிற்று? எல்லப்பன், முதலியார், பூங்காவனம், இவர்களில் யார் சொன்னது சரி?

விடை இதுதான். எல்லப்பன் வழக்கம்போல் துரையைத் தோளில் ஏற்றினான்; கரை வந்ததும் இறக்கவில்லை. மூன்று மைல் சுமந்தான். பாதி வழியில் துரையின் இடது சப்பாத்து கழன்று மணலில் விழுந்தது. கூடவே வந்த முதலியார் கொடியைத் தூக்கப் போனார். "அதுக்குள்ள காலு இருக்குதான்னு குனிஞ்சு பாரும்" என்றாள் பூங்காவனம். அவர் குனிந்து பார்த்தார். துரையைத் தளபதியின் மேசைமேல் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். தளபதி படித்தார், தொப்பியைக் கழற்றினார். அப்புறம்தான் துரையின் கால் தரைக்கு வந்தது. சடையன் வெளியே வந்து, "இன்னாண்ணே, தோளு இப்பிடி வீங்கியிருக்குது" என்றான். ஆகவே பூங்காவனம் சொன்னதே சரி.

வேம்பன் விஷயத்துக்கு மட்டும் எனக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை. முதலியார் பேச்சுப்படி அவன் சண்டையில் செத்தான். எல்லப்பன் பேச்சுப்படி சமாதானத்தில் செத்தான். இரண்டில் எது என்று அவன் பெண்டாட்டி என்னைக் கேட்டபோது, நான் துடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கதையை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். அந்த இடது சப்பாத்து என் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது, கேட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள்.