நீதிபதி கொண்டுபோன ஐந்து சுவடிகள்

வெண்குன்றத்து மடத்தில் அப்போது குருவாக இருந்தவர் ஒரு பெண். பெயர் சுநந்தை. பெண் குருவைக் குரத்தி என்று அழைப்பது அந்தக் காலத்து வழக்கம். குரத்தியாருக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் குணநந்திக்கு அறுபத்திரண்டு.

குணநந்தி முப்பது ஆண்டுகள் அரண்மனையில் ஓலை எழுதியவர். மனைவி இறந்தபின் மடத்துக்கு வந்து சேர்ந்தார். வந்த அன்றே குரத்தியார் சுவடி அறையின் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

அறையில் எண்ணூறு சுவடிகள். குணநந்தி ஒரு மாதம் உழைத்து அவற்றை ஒழுங்குபடுத்தினார். அறநூல்கள் மேல்தட்டில். தத்துவம் அதற்கடுத்து. மருத்துவமும் இலக்கணமும் நடுவில். சமையல், விடுகதை, யானை வைத்தியம் என்று கண்டதும் கடியதும் எல்லாம் கதவுக்குப் பின்னால்.

குரத்தியார் வந்து பார்த்தார்.

"நன்றாகத் துடைத்திருக்கிறீர்கள்" என்று மட்டும் சொன்னார்.

மாசி மாதம் ஒருநாள் காலையில் பட்டினத்து நீதிபதி நக்கன் காரி குன்றேறி வந்தார். நேர்மைக்குப் பெயர்போனவர். அன்று அவர் முகம் வாடிக் கிடந்தது.

"படிக்க ஒரு நூல் வேண்டும், அம்மையே" என்றார். "திருவிழாவுக்காக மன்றம் ஐந்து நாள் மூடியிருக்கிறது. ஆறாம் நாள் ஒரு தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். வழக்கை வெளியே பேசுவது முறையல்ல. ஆனால் மனம் ஒரு நிலையில் இல்லை."

குணநந்தி அதற்குமேல் காத்திருக்கவில்லை. உள்ளே போய், பட்டுத்துணியில் சுற்றிய அறநூலை இரண்டு கைகளாலும் ஏந்தி வந்தார்.

"இதற்கு ஈடான நூல் இந்த மடத்தில் இல்லை. நான் துவண்டு கிடந்த நாட்களில் என்னைத் தூக்கி நிறுத்தியது இதுதான்."

நீதிபதி கயிற்றை அவிழ்க்கவே இல்லை.

"நாற்பதாம் ஓலையில் மூன்றாவது வரியைச் செல் அரித்திருக்கும், பார்த்திருப்பீர்கள்" என்றார். "இளமையில் இந்தச் சுவடியைப் பார்த்துப் படியெடுத்தவன் நான். முழுக்க மனப்பாடம். இதன்படி பார்த்தால் தீர்ப்பில் சந்தேகமே இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது."

சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

குரத்தியார் கேட்டார். "படித்து உங்களுக்குப் புரியாமல் போன நூல் கடைசியாக எது?"

நீதிபதி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"பதினைந்து வருடமாக எல்லாமே புரிகிறது, அம்மையே."

குரத்தியார் எழுந்து சுவடி அறைக்குள் போனார். மேல்தட்டை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. கதவுக்குப் பின்னால் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்தார். யாரோ ஒரு பெண் எழுதிய சமையல் குறிப்பு. படகோட்டிகளின் காற்றுக் கணக்கு. பிள்ளைகளின் விடுகதைகள். யானைப்பாகன் எழுதிய வைத்தியம். ஐந்தாவதாக அவர் எடுத்ததைப் பார்த்துக் குணநந்திக்கு உடம்பே கூசிவிட்டது. இந்த மடத்தின் கொள்கைகளை வரிக்கு வரி மறுத்து எதிர்ப்பக்கத்தார் எழுதிய வாதநூல் அது.

"இந்த ஐந்தையும் கொண்டுபோங்கள்."

"எதை முதலில் படிப்பது?"

"கைக்கு எது வருகிறதோ அதை."

நீதிபதி தயங்கினார். பிறகு ஐந்தையும் மேலாடையில் கட்டிக்கொண்டு படியிறங்கினார்.

அவர் தலை மறைந்ததும் குணநந்தி பொரிந்தார். "ஒரு மனிதர் உயிர்போகிற வேதனையோடு வந்து நிற்கிறார், தாயே. நாம் சாப்பிடவே மாட்டாத பண்டங்களை எப்படிச் சமைப்பது என்று சொல்லும் சுவடியையா கொடுத்தனுப்புவது? போதாக்குறைக்கு நம்மை ஏசுகிற நூல் வேறு!"

"நன்றாகவே ஏசியிருப்பார்கள். நீங்கள் படித்ததில்லையா?"

குணநந்தி சாவியை எடுத்துக்கொண்டு அறையைப் பூட்டப் போனார்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. நீதிபதி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார் என்று நினைத்தார். குருவை நினைத்து வெட்கப்படுகிறோமே என்று அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

எட்டாம் நாள் நீதிபதி வந்தார். கூடவே ஓர் இளம்பெண். மெலிந்த உடம்பு. மணிக்கட்டில் விலங்கு அழுத்திய புண் இன்னும் ஆறவில்லை.

"இவள் பெயர் கொற்றி. மலையடிவாரத்துக்காரி" என்றார் நீதிபதி. "தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. இனி வழக்கைப் பேசலாம்."

கொற்றி நோன்பிருந்த ஒருநாள் கணவனுக்கு மட்டும் வள்ளிக்கிழங்கு வேகவைத்துக் கொடுத்தாள். சாப்பிட்டவன் வாயெல்லாம் மரத்துப்போகிறது என்றான். ஓயாமல் வாந்தி எடுத்தான். மறுநாள் இறந்துபோனான். முந்தின வாரம் இருவருக்கும் சண்டை நடந்ததற்குச் சாட்சி இருந்தது. கணவனுக்கு மட்டும் பரிமாறித் தான் உண்ணாதிருந்தவளே நஞ்சிட்டவள் என்பது அறநூல் விதி. தண்டனை மரணம்.

"இவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். வேலியில் கிழங்கு தோண்டினேன், வேகவைத்தேன், கொடுத்தேன். எத்தனை முறை கேட்டாலும் அதே மூன்று சொல். பொய் சொல்கிறவர்கள் கேட்கக் கேட்கக் கூட்டிச் சொல்வார்கள். இவள் கூட்டவே இல்லை. ஆனால் அதை எந்த விதியில் கொண்டுபோய் வைப்பது?"

நீதிபதி மூட்டையை அவிழ்த்தார்.

"முதல் இரண்டு நாள் விடுகதையோடு மல்லுக்கட்டினேன். பாதிக்கு விடை தெரியவில்லை. என் பேத்தி சிரித்தாள். வாதநூலைப் படித்துக் கோபம் வந்து, மறுபடி படித்தேன். நான்காம் நாள் சமையல் சுவடி. பருப்பு, கீரை, ஊறுகாய் எல்லாம் தாண்டி, இந்த ஓலை."

அவர் அதைக் குணநந்தியிடம் நீட்டினார். குணநந்தி உரக்கப் படித்தார்.

"வள்ளி படரும் வேலியில் காந்தளும் பின்னிக் கிடக்கும். மாசியில் இரண்டு கொடியும் காய்ந்துவிட்டால் எது எதன் கிழங்கு என்று தெரியாது. கலப்பைபோல் இரண்டாகக் கவைத்த கிழங்கைத் தொடாதே. அது நஞ்சு. வாய் மரத்துப்போகும், வாந்தி நிற்காது. கொடி பச்சையாக இருக்கும்போதே வள்ளிக்கு அடையாளக் குச்சி நட்டு வை. என் தங்கை வீட்டில் மூவரை இதற்குக் கொடுத்தோம். அதனால் எழுதுகிறேன்."



"அன்றே மண்வெட்டியோடு இவள் வீட்டுக்குப் போனேன்" என்றார் நீதிபதி. "வேலியோரம் நானே தோண்டினேன். ஒரே குழியில் இரண்டும் கிடந்தன."

 கொற்றி மெதுவாகக் கேட்டாள். "இதை எழுதின அம்மா எந்த ஊருங்க?"

குணநந்தி முதல் ஓலையையும் கடைசி ஓலையையும் புரட்டிப் பார்த்தார். "பெயரே எழுதவில்லையம்மா."

கொற்றி சுவடியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. எங்க தெருப் பொம்பளைங்களுக்கும் தெரியாது. ஒருதரம் நீங்க வந்து படிச்சுக் காட்டுவீங்களா, ஐயா?"

முப்பது ஆண்டுகள் அரசனுக்காக ஓலை எழுதியவர் அவர். இப்படி ஒரு வேலைக்கு யாரும் அவரை அழைத்ததில்லை.

"நாளைக்கே வருகிறேன்" என்றார்.

அவர்கள் போனபின் குணநந்தி குரத்தியாரின் முன்னால் வந்து உட்கார்ந்தார். அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். குரத்தியார் தம்மைவிட இருபத்திரண்டு வயது இளையவர் என்பது அவருக்கு நினைவிலேயே இல்லை.

"தாயே, இந்த வழக்கு உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"தெரியாது."

"அந்த ஓலையில் கிழங்கைப் பற்றி இருப்பது?"

"எப்போதோ படித்தேன். மறந்துவிட்டேன்."

 குணநந்தி எல்லாம் விளங்கிவிட்டதுபோல் முகம் மலர்ந்து கேட்டார்.

"அப்படியானால், பயன்பட்டது ஒரு நூல்தான். மற்ற நான்கையும் அவர் சுமந்துபோனது வீண்தானே?"

குரத்தியார் சொன்னார்.

"இந்த வழக்குக்கு."