கருவாலன் முடைந்த கதவு

ஏரிக்கரை வயலில் கருவாலன் என்ற எலியும் அவன் மனைவி செம்பியும் வளை தோண்டிக் குடியிருந்தார்கள். செம்பிக்குப் பிள்ளை பெறும் நாள் நெருங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு சாரைப்பாம்பு அந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. இரண்டே நாளில் பக்கத்து வளைகளில் மூன்று காலியாகிவிட்டன.

கரையின் மறுபுறத்தில் ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். உதிர்ந்த முட்களைக் கட்டிக் கதவு செய்து, கேட்பவர்களுக்குக் கொடுப்பாள். எல்லாக் கதவும் ஒரே அளவு. வாசலில் செருகி, சுற்றிலும் மண்ணை அப்பினால் வேலை முடிந்தது. அதில் ஒன்றை வாங்கி வரலாம் என்றாள் செம்பி.

கருவாலனுக்கு மனம் ஒப்பவில்லை. நம் வீட்டுக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான். செம்பியின் பருத்த அக்காவால் அந்தக் கதவு முட்களின் இடைவெளியில் நுழையவே முடியாது என்றான். தானே கருவேல முள்ளில் கதவு முடைய உட்கார்ந்தான்.

முதலில் முடைந்தது தளர்வாக இருந்தது. ஒரு நண்டு தாராளமாக உள்ளே வந்தது. பிரித்து இறுக்கி முடைந்தான். இப்போது அவனாலேயே உள்ளே வர முடியவில்லை. செம்பி சிரித்துக்கொண்டே முள்ளை விலக்கிவிட்டாள். மறுபடி பிரித்தான். ஆறாம் நாள் கதவு பாதி நின்றது. அந்தப் பாதி அழகாக இருந்தது. அவன் கால்களெல்லாம் முள் கிழித்த காயம். செம்பி அவற்றை நக்கிவிட்டாள்.

ஏழாம் நாள் காலையில் ஐந்து குட்டிகள் பிறந்தன. உச்சிவேளையில் பாம்பு வந்தது.

முடைந்த பாதியில் அதன் மூக்கில் முள் குத்தியது. தலையைத் திருப்பி, முடையாத பாதியில் நுழையப் பார்த்தது. கருவாலன் ஓடிவந்து மண்கட்டியை முதுகால் தள்ளி அடைத்தான். செம்பியும் தள்ளாடி எழுந்து வந்து பின்கால்களால் மண்ணை வாரி இறைத்தாள். வெகுநேரம் முட்டிப் பார்த்த பாம்பு ஒருவழியாகப் போய்விட்டது.

கருவாலன் தலை குனிந்து நின்றான். "என்னைத் திட்டு, செம்பி."

"எதற்கு? ஆறு நாளும் எங்களுக்காகத்தானே உட்கார்ந்திருந்தீர்கள்? உங்கள் கதவு நல்ல கதவுதான். ஆனால் பிள்ளைகளுக்கு இன்றைக்கே ஒரு கதவு வேண்டும்."

அன்று மாலைக்குள் அவன் முள்ளம்பன்றியின் கதவை இழுத்து வந்து பொருத்தினான். அதன்பின் இரண்டு முறை வந்த பாம்பு வெறும் வாயோடு திரும்பியது. அவன் சொன்னபடியே அக்காவால் நுழைய முடியவில்லை. முட்களுக்கு இடையே மூக்கை நீட்டினாள். செம்பி குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்ட, முகர்ந்து கொஞ்சினாள்.

அந்தக் கதவுக்குப் பின்னால் அமர்ந்து கருவாலன் அவசரமில்லாமல் தன் கதவை முடைந்தான். குட்டிகள் கண் திறந்த வாரம் அது முடிந்தது. உள்ளிருந்து தாழ்ப்பாளை நீக்கினால் அக்கா தாராளமாக வரலாம். சில நாள் சோதித்துப் பார்த்த பிறகுதான் பழைய கதவைக் கழற்றினான்.

கழற்றியதைச் சும்மா போடவில்லை. பிள்ளைத்தாய்ச்சியான ஓர் எலி பக்கத்தில் புதிதாகக் குடிவந்திருந்தாள். அவள் கணவன் வாசலில் உட்கார்ந்து முள் பொறுக்கிக்கொண்டிருந்தான். கருவாலன் கதவை அவன் முன் வைத்தான்.

"முதலில் இதை மாட்டு, தம்பி. பிறகு உன்னுடையதை முடை. நானும் கூட உட்காருகிறேன்."

நம் கையால் செய்வது நமக்குப் பொருந்தும். ஆனால் அது முடியும்வரை நம்மை நம்பியிருப்பவர்களைக் காவலின்றி விடக்கூடாது.